துளையிலிருந்து ஆணிக்கு: ‘ஸ்குரூ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ‘ஸ்குரூ’ என்று இன்று வழங்கப்படுவது வெளிப்புறத்தில் மரை வெட்டப்பெற்ற ஆணியாகும். ஆனால் அச்சொல்லுக்கு மூலமாகக் கருதப்படும் பழைய பிரெஞ்சுச் சொல் ஆணியைக் குறித்ததன்று; ஆணி சென்று பொருந்தும் மரைத்துளையைக் குறித்தது. துளையின் பெயர் ஆணிக்கு எவ்வாறு வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘வைஸ்’, ‘ஸ்குரூ’, ‘நட்’ ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒன்றன் இடத்தை மற்றொன்று பற்றிய ஒரு தொடர் இடப்பெயர்ச்சியாகவே இம்மாற்றத்தைக் காணவேண்டும் என்பது கட்டுரையின் துணிபு. சொற்பிறப்பு ஆய்வில் ஒலியொப்புமையோடு பொருளின் தொழில்நுட்ப வரலாற்றையும் சேர்த்து நோக்கவேண்டியதன் தேவையும் இதன்வழி எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பியல், பொருள் மாற்றம், கருவிச்சொற்கள், திருகாணி, மரை, நட்டு.

முன்னுரை

இரும்புக்கடைகளில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘ஸ்குரூ’ என்பதைப் போல எளியது வேறில்லை. மின்பணியாளர் முதல் தச்சர் வரை அனைவரும் அதனைத் தமிழ்ச்சொல் போலவே ஆள்கின்றனர். எளிய சொல் என்பதாலேயே அதன் பிறப்பைப் பற்றி எவரும் ஐயுறுவதில்லை. ‘திருகுதல்’ என்னும் பொருளுடைய ஏதோ ஒரு வினையிலிருந்து அப்பெயர் தோன்றியிருக்கும் என்று கொள்வது இயல்பு. தமிழில் ‘திருகு’ என்னும் வினையிலிருந்து ‘திருகாணி’ பிறந்துள்ளமை இவ்வெண்ணத்தை மேலும் வலுப்படுத்துகிறது.

ஆங்கிலத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. அங்குப் பெயர் முதலில் வந்தது. ‘திருகு’ என்னும் பொருளுடைய வினை அப்பெயரிலிருந்தே பின்னர்த் தோன்றியது. அப்பெயரும் திருகப்படும் ஆணியின் பெயராகத் தன் வாழ்வைத் தொடங்கவில்லை.

இக்கட்டுரையில் வெளிமரையுடைய உறுப்பைத் ‘திருகாணி’ என்றும், உள்மரையுடைய உறுப்பை வழக்கிலுள்ளவாறு ‘நட்டு’ என்றும், இரண்டிலும் வெட்டப்பெறும் சுருள்வரியை ‘மரை’ என்றும் குறிப்பிடுவோம். பட்டறை வழக்கில் ‘மரை தேய்ந்துவிட்டது’, ‘மரை போய்விட்டது’ என்னும்போது உணர்த்தப்படுவது இச்சுருள்வரியே.

பொருளின் தொன்மை

திருகு என்னும் அமைப்பு அதன் ஆங்கிலப் பெயரினும் மிகப் பழையது. கிரேக்கர் இதனைக் ‘கோக்லியாஸ்’ என்றனர். நத்தை என்பது அதன் பொருள். உரோமானியர் அதனைக் ‘கோக்லியா’ என ஏற்றனர். ஆர்க்கிமிடீசின் பெயரால் அறியப்படும் நீரிறைக்கும் திருகினை விட்ரூவியஸ் தம் கட்டடக்கலை நூலின் பத்தாம் பகுதியில் இப்பெயராலேயே விளக்குகிறார். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, திராட்சையும் ஒலிவமும் பிழியும் திருகுச்செக்குகள் அண்மைக்காலப் புதுமை என்று எழுதுகிறார். ஆணிகளை இணைப்பதற்கு முன்பே நீர் இறைப்பதற்கும் சாறு பிழிவதற்கும் திருகு பயன்பட்டது என்பது இச்சான்றுகளால் தெளிவாகிறது.

சொல்லாராய்ச்சியாளர் கருத்தில் கொள்ளவேண்டிய தொழில்நுட்பச் செய்தி ஒன்று இங்குள்ளது. மரத்தண்டின் வெளிப்புறத்தில் மரை வெட்டுவது அவ்வளவு கடினமன்று. கோடு வரைந்து, உளியாலும் அரத்தாலும் பொறுமையாகச் செதுக்கிவிடலாம். துளையின் உட்சுவரில், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில், அத்தண்டிற்கு முற்றும் பொருந்தும் மரையை வெட்டுவதே அரிய வேலை. அதனாலேயே தொடக்ககாலக் கருவிகள் சிலவற்றில் நட்டே இல்லை. துளையில் நீட்டி நிற்கும் ஒரு முளை திருகின் பள்ளத்தில் பொருந்தி ஓடியது. அலெக்சாந்திரியாவின் ஹீரோன் தம் இயந்திரவியல் நூலின் மூன்றாம் பகுதியில், உள்மரை வெட்டும் கருவி ஒன்றைத் தனியே விளக்குகிறார். கிரேக்க மூலம் அழிந்துபோன அந்நூல், குஸ்தா இப்னு லூக்காவின் அரபு மொழிபெயர்ப்பால் நமக்குக் கிடைத்துள்ளது. உள்மரைக்கென ஒரு கருவியைத் தனித்து விளக்கவேண்டியிருந்தது என்பதே, திருகமைப்பின் இரு பாதிகளுள் துளையே தொழில்நுட்ப அருமை உடையதாக இருந்தது என்பதற்குச் சான்று.

இந்த அருமையைப் பெயர்களும் காட்டுகின்றன. தற்காலக் கிரேக்கத்தில் நட்டுக்குப் ‘பெரிகோக்லியோ’ என்று பெயர். நத்தையைச் சூழ்ந்திருப்பது என்பது அதன் பொருள். ஆணியின் பெயரைக்கொண்டு துளைக்குப் பெயரிடும் முறை இது. பிரெஞ்சு மொழியோ இரண்டிற்கும் தொடர்பற்ற இரு தனிப்பெயர்களை வைத்தது. நம் சொல்லின் கதை அங்கிருந்தே தொடங்குகிறது.

பிரெஞ்சு இணை: வீஸ், எக்ரூ

இலத்தீன் மொழியில் ‘வீட்டிஸ்’ என்பது கொடிமுந்திரியைக் குறிக்கும். கொம்பைப் பற்றிச் சுற்றிப் படரும் அதன் பற்றுக்கம்பியின் வடிவத்தால், திருகுத்தண்டிற்கு அப்பெயர் ஆகிவந்தது. இத்தாலியத்தில் அது ‘வீத்தே’, பிரெஞ்சில் ‘வீஸ்’. கொடிமுந்திரியின் பழத்தைப் பிழியும் செக்கின் தண்டிற்கும் அக்கொடியின் பெயரே அமைந்தது நயமான பொருத்தம். எனினும் பெயருக்குக் காரணம் வடிவமே.

அத்தண்டு பொருந்தும் துளைக்குப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்க்ரூ’ என்று பெயர். அது பெண்பாற் சொல். இன்றைய பிரெஞ்சில் சகரம் மறைந்து ‘எக்ரூ’ எனத் திரிந்து ஆண்பாற் சொல்லாக வழங்குகிறது. பொருள் மட்டும் மாறவில்லை. இன்றும் பாரிசில் ஓர் இரும்புக்கடையில் ‘எக்ரூ’ கேட்டால் நட்டுத்தான் கிடைக்கும். திருகாணி வேண்டுமாயின் ‘வீஸ்’ என்றே கேட்கவேண்டும். ஆங்கில ‘ஸ்குரூ’ இந்த ‘எஸ்க்ரூ’விலிருந்து வந்தது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி உள்ளிட்ட பேரகராதிகள் ஏற்கின்றன.

‘எஸ்க்ரூ’வின் மூலத்தைப் பற்றித்தான் அறிஞரிடையே உடன்பாடில்லை. கருத்துகள் இரண்டு. முதலாவது, இலத்தீன் ‘ஸ்க்ரோபிஸ்’, அதாவது குழி. ரோமானிய மொழியியலின் முன்னோடியான பிரெட்ரிக் டீஸ் இதனை முன்மொழிந்தார். ஸ்கீட் தம் சொற்பிறப்பியல் அகராதியில் இதன் பக்கம் சாய்ந்தார். துளைக்குக் குழியின் பெயர் அமைவது பொருளளவில் தடையற்றது. ஒலிமாற்ற விதிகளின்படி இவ்வழி செல்லாது என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதி மறுக்கிறது. இரண்டாவது, இலத்தீன் ‘ஸ்க்ரோஃபா’. குட்டி ஈனும் தாய்ப்பன்றி என்பது இதன் பொருள். ஜெர்மானியச் சொற்பிறப்பியலார் பலர் இதனை ஏற்பர்.

தாய்ப்பன்றிக்கும் மரைத்துளைக்கும் என்ன தொடர்பு என்று வினவுவது முறையே. ஆண்பன்றியின் குறி சுருள்வடிவினது என்பதைக் காட்டிச் சிலர் விளக்கம் தருவர். கேட்பதற்குச் சுவையான இவ்விளக்கம் இரு காரணங்களால் தளர்கிறது. ‘ஸ்க்ரோஃபா’ என்பது பெண்பன்றியையே குறிக்கும். ‘எஸ்க்ரூ’ என்பதும் சுருள்தண்டைக் குறிக்காமல் துளையையே குறிக்கும். ஆணின் உறுப்பைச் சுட்டிப் பெண்ணின் பெயரை, அதுவும் எதிர்ப்பாதிக்கு, வைத்தனர் என்பது பொருந்துவதாக இல்லை. பெயரீட்டின் அடிப்படை வேறு. பிற ஐரோப்பிய மொழிகள் அதனைத் தெளிவாகக் காட்டுகின்றன.

தாய் என்னும் உருவகம்

போர்த்துகீசிய மொழியில் நட்டுக்கு இன்றும் ‘போர்க்கா’ என்றே பெயர். ‘பெண்பன்றி’ என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். ஜெர்மன் மொழியில் திருகாணி ‘ஷ்ரௌபெ’. நட்டு ‘ஷ்ரௌபென்முட்டர்’, அதாவது திருகின் தாய். பட்டறைப் பேச்சில் வெறும் ‘முட்டர்’ (தாய்) என்றாலே போதும். டச்சு மொழியில் திருகாணி ‘ஸ்க்ரூஃப்’, நட்டு ‘மூர்’. இதுவும் தாய், குட்டியீன்ற விலங்கு என்னும் பொருள்களை உடைய பழஞ்சொல்லே. இத்தாலியத்தில் உள்மரையுடைய உறுப்பு ‘மாத்ரேவீத்தே’ எனப்படும். ‘திருகின் அன்னை’ என்று விரியும்.

ஒன்றையொன்று அடுத்து வாழ்ந்த நான்கு மொழிகள், தண்டை ஏற்று உட்கொள்ளும் உறுப்பைத் தாயாகவோ தாய்விலங்காகவோ உருவகித்துள்ளன. இப்பின்னணியில் ‘ஸ்க்ரோஃபா’விலிருந்து நட்டின் பெயர் பிறந்தது என்னும் கருத்து வியப்புக்குரியதன்று, ஐரோப்பியத் தொழில்வழக்கில் பரவலாயிருந்த ஓர் உருவகத்தின் பழைய வடிவமாகவே அது தோன்றும்.

ஜெர்மன், டச்சு மொழிகளின் சான்று மற்றொரு வகையிலும் இன்றியமையாதது. ‘ஷ்ரௌபெ’, ‘ஸ்க்ரூஃப்’ ஆகியவையும் ‘எஸ்க்ரூ’வின் குடும்பத்தைச் சேர்ந்தவையே, அவை பிரெஞ்சிலிருந்து வந்தனவா, இலத்தீனிலிருந்து நேரே வந்தனவா என்பதில் மட்டுமே கருத்து வேறுபாடு. அம்மொழிகளிலும் அச்சொல் ஆணிக்கு உரியதாகிவிட்டது. பழைய ‘தாய்ப்பன்றி’ தன் பொருள் மறந்து ஆணியின் பெயராகவே, பெயரிழந்து நின்ற நட்டுக்கு மீண்டும் ஒரு ‘தாய்’ தேவைப்பட்டாள். ‘ஷ்ரௌபென்முட்டர்’ என்பதன் இரு உறுப்புகளையும் மூலப்பொருளில் விரித்தால் ‘தாய்ப்பன்றியின் தாய்’ என்றாகும். மறந்துபோன உருவகம் ஒன்று, மறந்தது தெரியாமலேயே மறுபடியும் ஆக்கப்பட்டிருக்கிறது. பொருளொப்புமை தனித்து நின்று மூலத்தை நிறுவிவிடாது. ஆயினும் இரு கருத்துகளையும் எடைபோடுகையில் தாய்ப்பன்றியின் பக்கமே சான்றுகள் மிகுதி என்று இக்கட்டுரை கருதுகிறது.

ஆங்கிலத்தில் நிகழ்ந்த மூன்று நகர்வுகள்

ஆங்கிலம் பிரெஞ்சு இணையின் இரு பெயர்களையும் கடன்பெற்றது. முதலில் வந்தது ‘வீஸ்’. ஆங்கிலத்தில் அது ‘வைஸ்’. 14ஆம் நூற்றாண்டில் அச்சொல் சுழற்படிக்கட்டையும், குறுக்குவில்லின் நாணை இழுத்து ஏற்றும் திருகுக்கருவியையும், செக்கின் திருகுத்தண்டையும் குறித்தது. ‘ஸ்குரூ’ ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் காணப்படுகிறது.

1500ஆம் ஆண்டையொட்டி ‘வைஸ்’ ஒரு புதிய கருவிக்கு உரியதாகத் தொடங்கியது. திருகினால் நெருக்கி வேலைப்பொருளை இறுகப் பிடிக்கும் அந்தப் பட்டறைக் கருவியை நம் தொழிலாளரும் ‘வைஸ்’ என்றே வழங்குகின்றனர். அக்கருவியின் உயிருறுப்பு அதன் திருகுத்தண்டு. உறுப்பின் பெயர் முதலுக்கு ஆகிவந்தது. நம் இலக்கணத்தில் சினையாகுபெயர் என்பது இதுவே. காலப்போக்கில் ‘வைஸ்’ என்றால் பிடிகருவி மட்டுமே என்றாகிவிட, திருகுத்தண்டு பெயரற்று நின்றது. அவ்விடத்தை நிரப்ப அருகிலேயே இருந்த சொல் ‘ஸ்குரூ’.

இந்நகர்வு நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தை 1611ஆம் ஆண்டு வெளிவந்த ராண்டில் காட்கிரேவின் பிரெஞ்சு–ஆங்கில அகராதி நமக்குப் படம்பிடித்துத் தருகிறது. பிரெஞ்சு ‘எஸ்க்ரூ’வுக்கு அவர் ‘ஸ்குரூ’ என்று பொருள் தந்து, உடனே செக்கு முதலியவற்றின் ‘வைஸ்’ சென்று சுழலும் துளை என்று விளக்கமும் சேர்க்கிறார். இப்பதிவில் ‘ஸ்குரூ’ இன்னும் துளையே. ‘வைஸ்’ இன்னும் திருகுத்தண்டே. இன்றைய ஆங்கிலேயர் ஒருவர் இதனைப் படித்தால் இரு சொற்களையும் பிழையாகவே பொருள்கொள்வார். வேறொரு மொழிக்காகத் தொகுக்கப்பட்ட அகராதி தன் சொந்த மொழியின் மறைந்த வழக்கைக் காத்துத் தந்திருக்கிறது. இருமொழி அகராதிகளை இவ்வாறு பின்னோக்கிப் படிக்கும் முறை தமிழுக்கும் பயன்தரக்கூடியது.

மூன்றாம் நகர்வு ‘நட்’ என்பதனுடையது. கொட்டை என்னும் பொருளுடைய அச்சொல் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இயந்திர உறுப்புகளுக்கு ஆகிவந்தது. குறுக்குவில்லில் நாணைப் பிடித்திருந்து விடுவிக்கும் உருண்டை உறுப்பு அவற்றுள் ஒன்று. ஆணி கொள்ளும் மரைத்துண்டு என்னும் பொருள் 1610களில்தான் பதிவாகிறது. காட்கிரேவின் அகராதி வெளிவந்ததும் அதே பத்தாண்டு. ‘ஸ்குரூ’ துளையை விட்டு நீங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே துளைக்குப் புதுப்பெயர் வந்து அமர்ந்தது என்பதை இக்கால ஒற்றுமை உணர்த்துகிறது.

இங்கு ஒரு சிறு விலகல். ‘போல்ட்’ என்பது முதலில் குறுக்குவில்லின் அம்பு. ‘நட்’ அவ்வில்லின் பிடியுறுப்பு. ‘வைஸ்’ அதன் நாணேற்றி. சற்றுப் பிந்திய ‘ஸ்பேனர்’ என்பதும் சக்கரப்பூட்டுத் துப்பாக்கியின் வில்லை முறுக்கும் சாவியாகவே 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அறிமுகமாகிறது. இன்று மிதிவண்டிப் பழுதுபார்ப்பவரின் பெட்டியில் கிடக்கும் இச்சொற்களெல்லாம் படைக்கலக் கொட்டிலிலிருந்து வந்தவை. தனித்து ஆராயத்தக்க செய்தி இது.

ஏன் ஆணி வென்றது

பெயரிழந்த தண்டிற்கு வேறு எத்தனையோ சொற்கள் கிடைத்திருக்கலாம். துளையின் பெயரையே எடுத்துக்கொண்டது ஏன்? இரு காரணங்கள் தென்படுகின்றன.

திருகும் நட்டும் நெடுங்காலம் பிரிக்கவியலாத இணையாகவே இருந்தன என்பது முதற்காரணம். ஒரு திருகாணிக்கென வெட்டப்பட்ட நட்டு மற்றொன்றில் ஏறாது. ஜேம்ஸ் நாஸ்மித் 1883இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில், ஹென்றி மாட்ஸ்லேயின் காலத்துக்கு முன் ஒவ்வொரு போல்ட்டும் அதன் நட்டும் தனித்தனிப் படைப்புகளாக இருந்தமையையும், இன்னதற்கு இன்னது என்று அடையாளமிட்டு வைக்கவேண்டியிருந்தமையையும் குறிப்பிடுகிறார். ஜோசஃப் விட்வொர்த் 1841இல் மரையின் அளவுகளையும் 55 பாகைக் கோணத்தையும் வரையறுத்துப் பொது ஒழுங்கு ஒன்றை முன்வைத்த பின்னரே, எந்த நட்டும் அதே அளவுடைய எந்த ஆணியிலும் ஏறும் என்ற நிலை உருவாகத் தொடங்கியது. இணையாகவே பிறந்து இணையாகவே பயன்பட்ட இரு பாதிகளுக்கு ஒரு பெயர் பொதுவாக நிற்பதும், ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு வழுவுவதும் எளிது. ஜோசஃப் மாக்சன் 1678 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட தொழிற்கலை நூலில் ஆணியைத் தெளிவுபடுத்த ‘ஸ்குரூ-பின்’ என்று கூட்டிச் சொல்வது கருதத்தக்கது. ‘பின்’ என்று சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது எனில், ‘ஸ்குரூ’ என்பது இரு பாதிகளையும் தழுவிய பெயர் என்னும் உணர்வு அப்போதும் எஞ்சியிருந்தது என்று கொள்ளலாம்.

இரண்டாவது காரணம், நட்டே வேண்டாத திருகாணியின் வருகை. 15ஆம் நூற்றாண்டில் கவசங்களிலும் துப்பாக்கிகளிலும் சிறு இரும்புத் திருகாணிகள் இடம்பெற்றன. 1475க்கும் 1490க்கும் இடைப்பட்ட காலத்ததாகக் கணிக்கப்படும் ஜெர்மானிய வோல்ஃபெக் ஓவியச்சுவடியில் மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தின் படமே உள்ளது. பின்னர் மரத்தில் நேரே இறக்கும் திருகாணி பரவிற்று. அதற்குத் தனி நட்டு இல்லை. இறங்கும்போதே மரத்தில் தன் மரையைத் தானே வெட்டிக்கொள்கிறது. முன்னர் அரிய வேலைப்பாடாக இருந்த துளை, இப்போது எவர் கையும் படாமல் தானே உருவாயிற்று. ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஜாப் வயாட், வில்லியம் வயாட் சகோதரர்கள் 1760இல் மரத்திருகாணிகளை இயந்திரத்தால் செய்யக் காப்புரிமை பெற்றனர். அதன்பின் அது பெருந்தொகையாகக் கிடைக்கும் மலிவுப்பொருளாயிற்று. கடையில் வாங்குவதும் கையில் எடுப்பதும் ஆணி மட்டுமே என்றான பின் பெயரும் அதனிடமே தங்கிவிட்டது.

ஆங்கில வினைச்சொல்லும் பிற பொருள்களும் இதன்பின் கிளைத்தவையே. கட்டைவிரலை நெரிக்கும் வதைக்கருவியால் ‘நெருக்குதல்’ என்னும் பொருளும், 19ஆம் நூற்றாண்டில் கப்பலை உந்தும் சுழலி என்னும் பொருளும் வந்தன. இவற்றுள் எதுவும் பழைய துளைப்பொருளை நினைவூட்டுவதில்லை. பிரெஞ்சு மொழியோ தன் திருப்புளிக்குத் ‘தூர்ன்வீஸ்’ எனப் பெயரிட்டுப் பழைய ஆணிப்பெயரைக் காத்துவருகிறது. ஆங்கிலத்தில் திருப்புளிக்கு முன்பு வழங்கிய ‘டர்ன்ஸ்குரூ’ அதே அமைப்பில் உருவான சொல். ஆனால் ‘வீஸ்’ இருக்கவேண்டிய இடத்தில் அங்கே ‘எஸ்க்ரூ’ அமர்ந்திருக்கிறது.

தமிழ்ச்சூழலில் சில குறிப்புகள்

ஒலியொப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்மூலம் காட்டும் போக்கு நம்மிடையே உண்டு. ‘ஸ்குரூ’வைச் ‘சுருள்’ என்பதோடு முடிச்சிடுவது மிக எளிது. மேற்கண்ட வரலாறு இம்முடிச்சை அவிழ்த்துவிடுகிறது: சொல்லின் தொல்பொருள் துளை, சுருளுதலுக்கு அதில் இடமில்லை. அவ்வாறாயின் உட்டுளை என்னும் பொருளுடைய ‘சுரை’யைக் காட்டலாமே என்று தோன்றும். பொருள் பொருந்துவதால் இது முன்னதினும் கவர்ச்சியுடையது. அதனாலேயே முன்னதினும் ஆபத்தானது. பழைய பிரெஞ்சு வடிவத்திலுள்ள ககர ரகர மயக்கத்துக்குச் ‘சுரை’யில் இடமில்லை, இடைக்காலப் பிரான்சின் செக்குத் தச்சரிடம் இச்சொல் சென்று சேர்ந்ததற்கான வழியும் இல்லை. வடிவம், பொருள், வழி ஆகிய மூன்றும் இயையாத இடத்தில் ஒலியொப்புமை தற்செயலே.

உண்மையான தொடர்புகள் கடன்வழியில் உள்ளன. டச்சுக்காரர் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட 1658–1796 காலத்தின் எச்சமாக, ‘ஸ்க்ரூஃப்’ என்னும் அவர்தம் சொல் சிங்களத்தில் ‘இஸ்குருப்பு’ என வழங்குகிறது. ஆங்கிலேயர் வழி அதே குடும்பச் சொல் தமிழில் ‘ஸ்குரூ’ ஆயிற்று. மொழிமுதலில் மெய்ம்மயக்கம் வாராது என்னும் தமிழ் மரபுக்கேற்ப, பேச்சில் அது ‘இஸ்குரூ’ ஆகிறது. இலத்தீனில் மொழிமுதல் மெய்ம்மயக்கத்தோடு நின்ற சொற்களுக்கு முன் எகரம் சேர்த்தது பழைய பிரெஞ்சு. ஆங்கிலம் அவ்வெகரத்தை நீக்கியது. நம் பட்டறைகள் இகரமாக மீண்டும் ஓர் உயிரைச் சேர்த்துவிட்டன. ‘எஸ்க்ரூ’வும் ‘இஸ்குரூ’வும் இவ்வளவு நெருங்கி ஒலிப்பதற்குக் காரணம் இரு மொழிகளின் ஒலியமைப்பு ஒரே வகைத் தீர்வை நாடியமையே.

பொருளுக்குத் தமக்கெனப் பெயரிட்டபோது திராவிட மொழிகள் தாய், கொடி, நத்தை எதையும் நாடவில்லை. மலையாளத்தில் ‘பிரியாணி’ (பிரி + ஆணி, உணவின் பெயரன்று), கன்னடத்தில் ‘திருப்பு’, தெலுங்கில் ‘மரமேக்கு’ (மர + மேக்கு, அதாவது ஆணி), தமிழில் ‘திருகாணி’, ‘மரையாணி’. ஆணி என்பது அடிப்படை. முறுக்குதலோ மரையோ அதற்கு அடை. திருப்பும் உளி ‘திருப்புளி’ ஆனதும் இம்முறையிலேயே. நட்டுக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லே நிலைத்துவிட்டது.

தமிழ் வழக்கிலும் ஆணிக்கும் துளைக்கும் இடையே பெயர் ஊசலாடும் இடம் ஒன்று உண்டு. அது பட்டறையில் இல்லை, காதணியில் உள்ளது. தோட்டின் பின்புறம் சேர்த்து முடுக்கும் சிறு உறுப்பைத் ‘திருகாணி’ அல்லது ‘திருகு’ என்கிறோம். சில தோடுகளில் அவ்வுறுப்பின் நடுவிலுள்ள மெல்லிய முளையில் வெளிமரை இருக்கும். அது தோட்டின் குழல்போன்ற தண்டினுள் செல்லும். வேறு சிலவற்றில் தண்டில் வெளிமரையும் பின்னுறுப்பில் உள்மரையும் இருக்கும். பொறியியல் நோக்கில் அப்பின்னுறுப்பு நட்டே. வழக்கில் இரண்டும் திருகாணிதான். விரல் எதனைத் திருகுகிறதோ அதற்கே பெயர். மரை உள்ளிருக்கிறதா வெளியிருக்கிறதா என்பதைப் பெயர் பொருட்படுத்துவதில்லை. ‘எஸ்க்ரூ’ ஆணியானபோது ஆங்கிலத்திலும் இத்தகைய பொருட்படுத்தாமையே செயற்பட்டிருக்கவேண்டும்.

கலைச்சொல் ஆக்குவோர்க்கு இது ஒரு நடைமுறைச் சிக்கலும் ஆகும். ‘திருகு’ என்பது செயலைப் பற்றிய பெயராதலால் இரு பாதிகளையும் வேறுபடுத்தாது. ‘மரை’யும் இரண்டிற்கும் பொது. குழாய்ப் பொருத்துகளில் இவ்வேறுபாடு தவறினால் நீர் ஒழுகும். ஆகவே நம் குழாய்ப் பணியாளர்கள் கடையில் ‘எம்.டி.ஏ.’, ‘எஃப்.டி.ஏ.’ என்று கேட்டு வாங்குகின்றனர். முதலெழுத்துகள் முறையே ஆண், பெண் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களுக்கு உரியவை. ஐரோப்பியத் தொழிலாளரின் தாய் உருவகம் பால்பெயராகச் சுருங்கி, பின் எழுத்தாகச் சுருங்கி, இவ்வாறு நம் கடைத்தெரு வரை வந்திருக்கிறது. ‘உள்மரை’, ‘வெளிமரை’ என்னும் இணை இவ்வேறுபாட்டை உருவகத் துணையின்றித் தமிழிலேயே துல்லியமாகத் தரும். இக்கட்டுரையிலும் அவ்விணையே போதுமானதாக இருந்தது.